சுழலாத எஞ்சினும் எரியாத எஞ்சினும்: பைக், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாதபோது எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் பைக்கையோ ஸ்கூட்டரையோ பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, செல்ஃப் பொத்தானை விடாமல் அழுத்துவதும், அது பலிக்காதபோது கால் வலிக்கும்வரை கிக்கரை உதைப்பதும்தான். இவ்விரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: பொத்தானை அழுத்தும்போது எஞ்சின் சுழல்கிறதா, இல்லையா? சுழலவே இல்லை என்றால் கோளாறு பேட்டரி, ஸ்விட்சு, ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின் ஸ்விட்சு), ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை சேர்ந்த மின்பாதையில் இருக்கிறது; அந்த நிலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பதால் எந்தப் பயனும் இல்லை. வழக்கமான வேகத்தில் சுழன்றும் எஞ்சின் ஓடத் தொடங்கவில்லை என்றால், ஸ்டார்ட்டர் மோட்டார் தன் வேலையைச் செய்துவிட்டது. பெட்ரோல், காற்று, தீப்பொறி, அழுத்தம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று குறைகிறது. அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறை பொத்தானை அழுத்திக் காதுகொடுத்துக் கேட்பது இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்காகத்தான்.

நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. ஜெர்மனியின் நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் செயல்படுத்திக் காட்டிய அதே சுழற்சிதான் இவற்றிலும் நடக்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோல் ஆவி கலந்த காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மேலே ஏறும்போது அக்கலவை ஏறத்தாழ ஒன்பதில் அல்லது பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. நெருக்கம் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன் ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடியும் மேலேறும் பிஸ்டன் புகையை வெளியேற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் இந்தச் சுழற்சியைத் தன் வேகத்தாலேயே தொடர்ந்து நடத்திக்கொள்ளும். நின்றிருக்கும் எஞ்சினால் அது முடியாது. முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிக்கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் கிக்கர் காலின் பலத்தைக் கொண்டும், ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியின் பலத்தைக் கொண்டும் செய்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது தானாகவே விளங்கும்.

சோதனைகளுக்கு முன், கோளாறே இல்லாமல் வண்டி மறுக்கும் சந்தர்ப்பங்களை விலக்கிவிட வேண்டும். வலது கைப்பிடியருகே உள்ள எஞ்சினை உடனே நிறுத்தும் சிவப்பு நிற கில் ஸ்விட்சை, வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். பல புதிய வண்டிகளில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் எஞ்சின் இயங்காது. ஸ்டாண்டை மடக்கியிருந்தாலும் அதன் அடியிலுள்ள சென்சாரில் சேறு அப்பியிருந்தால், ஸ்டாண்டு இன்னும் கீழேதான் இருக்கிறது என்று வண்டி கருதிக்கொள்ளும். ஸ்கூட்டரில் பிரேக் லீவரைப் பிடிக்காமல் செல்ஃப் வேலை செய்யாது. கியர் வண்டியில் நியூட்ரல் விளக்கு எரியவேண்டும், அல்லது கிளட்சை முழுவதும் பிடித்திருக்க வேண்டும். ஸ்கூட்டரின் பிரேக் லீவருக்கு அடியிலும் கியர் வண்டியின் கிளட்ச் லீவருக்கு அடியிலும் உள்ள சிறிய ஸ்விட்சு பழுதானாலும் செல்ஃப் ஊமையாகிவிடும். ஸ்கூட்டரில் மறுபக்க பிரேக்கைப் பிடித்து முயன்றால் வேலை செய்கிறது என்றால், குற்றவாளி அந்த ஸ்விட்சுதான். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீச்சும் அமைப்பு) கொண்ட வண்டி ஒருமுறை சாய்ந்து விழுந்திருந்தால், அதிலுள்ள சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்திவைத்திருக்கும். வண்டியை நிமிர்த்தி, சாவியை அணைத்து, சில நொடிகள் கழித்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும்; எரிபொருள் மானி பொய் சொல்வது அரிதன்று. வெளிச்சத்துக்குத் தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது என்று இங்கே எழுதவேண்டியிருப்பது வருத்தம்தான், ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும்.

எஞ்சின் சுழலாதபோது

பொத்தானை அழுத்தினால் வரும் ஓசை, பாதி விடையைச் சொல்லிவிடும். "டக்டக்டக்" என்று வேகமாகத் தொடர்ந்து ஓசை வந்தால் பேட்டரியில் போதிய மின்சாரம் இல்லை என்று பொருள்: ஸ்டார்ட்டர் ரிலே மூடிக்கொள்கிறது, மோட்டார் மின்சாரத்தை இழுத்தவுடன் பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறியதும் மறுபடியும் மூடிக்கொள்கிறது. ஒரே ஒரு கனத்த "டக்" மட்டும் கேட்டு, அதே நேரத்தில் மீட்டர் விளக்குகள் மங்காமல் நின்றால், ரிலேயின் உட்பக்கத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். விளக்கும் மங்கி "டக்" என்றும் கேட்டால் பேட்டரி முனைகளில் தளர்ச்சியையோ பூஞ்சணம்போல் படிந்த உப்பையோ தேட வேண்டும். எந்த ஓசையும் இல்லை, மீட்டரும் இருண்டு கிடக்கிறது என்றால் முதன்மை ஃப்யூஸையும், பேட்டரியிலிருந்து வரும் கம்பியையும், சாவி ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லாமல், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையே மோட்டாராகப் பயன்படுத்தும் சில புதிய ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகக் கூடியவை. அவற்றில் இந்த ஓசைச் சோதனை பொருந்தாது.

ஹெட்லைட் வெளிச்சத்தைக் கொண்டு பேட்டரியை மதிப்பிடும் பழைய வழக்கம் இப்போது அவ்வளவாக உதவுவதில்லை. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் தானாக எரியவேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே அது எரிகிறது. ஆகவே ஹாரனையும் இண்டிகேட்டரையும் போட்டுப் பார்ப்பது நல்லது. ஹாரன் கம்மிய குரலில் முனகினால் பேட்டரி பலவீனம் என்பது உறுதி. ஆனால் ஹாரன் நன்றாக ஒலிப்பதால் மட்டும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது; ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும், ஸ்டார்ட்டர் மோட்டாரோ அதைப்போலப் பல மடங்கு கேட்கும்.

சந்தேகத்தைத் தீர்க்கும் கருவி மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் சாதாரண மீட்டர் போதும். வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்து அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் தேவை. 12 அளவில் நின்றால் கிட்டத்தட்டக் காலி. அடுத்த அளவீடுதான் முக்கியமானது: மீட்டர் முனைகளைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி அந்த நொடியில் 9 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அதன் உள்தட்டுகள் ஆயுளை முடித்துக்கொண்டன. எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் மறுநாள் காலை அதே கதைதான். மூன்றாவதாக, எஞ்சினை எப்படியாவது ஓடவிட்டு, சற்றே வேகம் கொடுத்து அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வரவேண்டும். அது 12.5ஐத் தாண்டவே இல்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை என்று பொருள். அப்போது வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ மின்சாரத்தைத் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயிலையோ பார்க்காமல் புதுப் பேட்டரி மாட்டினால், அதுவும் சில நாட்களில் படுத்துவிடும். புதுப் பேட்டரியைக் குறை சொல்லிக் கடைக்காரரோடு நடக்கும் சண்டைகளில் பல இந்த மூன்றாவது அளவீட்டைச் செய்யாததால் வருபவை என்பது என் எண்ணம்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி படிந்திருந்தால், முதலில் கறுப்பு நிறக் கம்பியையும் பிறகு சிவப்புக் கம்பியையும் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் துலக்கியை நனைத்துத் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, சிவப்பை முதலில் மாட்டி இறுக்க வேண்டும். கறுப்பை ஏன் முதலில் கழற்ற வேண்டும் என்றால், வண்டியின் சட்டம் முழுவதும் அந்த முனையோடு இணைந்திருக்கிறது. சிவப்பைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டால் ஷார்ட் ஆகிப் பொறி பறக்கும். ஃப்யூஸைப் பொறுத்தவரை, உள்ளிருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். சிவப்பு நிறம் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்துபோனதன் இடத்தில் அதே அளவுள்ள ஃப்யூஸைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுவது, வயரிங் முழுவதும் எரிய வழி செய்வதாகும். புது ஃப்யூஸும் உடனே போனால் எங்கோ கம்பி உரசுகிறது. எலி கடித்த வயரிங், பிறகு பொருத்திய எல்.இ.டி. விளக்கு, ஜி.பி.எஸ். கருவி, அலாரம் ஆகியவற்றின் இணைப்புகளை முதலில் பார்க்கலாம். பின்னால் பொருத்தப்பட்ட இத்தகைய கருவிகள், வண்டி நிற்கும்போதும் சிறிதளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சிறிய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-அவர் (Ah) கொள்ளளவுள்ள பேட்டரிதான் என்பதால், இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் விட்டாலே அது காலியாகிவிடக் கூடும்.

பேட்டரி படுத்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா? கியர் வண்டியில் முடியும்: சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் வைத்து, கிளட்சைப் பிடித்தபடி வேகமாகத் தள்ளி, சட்டென்று கிளட்சை விட்டால் பின்சக்கரம் எஞ்சினைச் சுற்றும். ஸ்கூட்டரில் எவ்வளவு தள்ளினாலும் முடியாது, ஏனெனில் அதன் கிளட்ச் எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் வேகத்தால் மட்டுமே பிடித்துக்கொள்ளும். சக்கரத்தின் சுழற்சி எஞ்சினைச் சென்றடையாது. இதில் இன்னொரு வரம்பும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன் முறை கொண்டவை. அவற்றில் பெட்ரோல் பம்பும், இன்ஜெக்டரும், இவற்றை ஆளும் இ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டியும் மின்சாரத்தை நம்பியிருக்கின்றன. ஆகவே பேட்டரி பலவீனமாக இருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுழன்றும் பற்றாமல் போகலாம். பேட்டரியே இல்லாமல் கிக்கரால் ஓடிய, பெட்ரோலையும் காற்றையும் மின்சாரமின்றிக் கலக்கும் கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளோடு பழகியவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

எஞ்சின் சுழன்றும் பற்றாதபோது

இங்கே ஓர் எச்சரிக்கை. செல்ஃபை ஒரே மூச்சில் ஐந்து நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே பத்துப் பதினைந்து நொடி இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் மோட்டார் சூடேறும், பேட்டரியும் தீர்ந்துபோகும். ஒரு கோளாறோடு வந்த வண்டி இரண்டு கோளாறுகளோடு பட்டறைக்குப் போகும்.

முதலில் பெட்ரோல் எஞ்சினுக்கு வந்துசேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இது மிக எளிது. அமைதியான இடத்தில் நின்று சாவியைப் போட்டால், டேங்கின் உள்ளிருந்தோ ஸ்கூட்டரின் அடிப்பகுதியிலிருந்தோ இரண்டு மூன்று நொடிகளுக்கு "ஊங்" என்ற மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். பம்ப் குழாயில் அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளும் ஓசை அது. அது கேட்கவே இல்லை என்றால் பம்பின் ஃப்யூஸ், ரிலே, கம்பி, பம்ப் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் எரிந்து அணையவேண்டிய மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு அணையாமல் இருந்தாலோ, ஒரு கணக்கில் விட்டுவிட்டுச் சிமிட்டினாலோ இ.சி.யு. ஏதோ ஒரு சென்சாரைக் குறை சொல்கிறது. சில வண்டிகளில் அந்தச் சிமிட்டல்களின் எண்ணிக்கையே கோளாறின் குறியீடு என்பதால், அதை எண்ணி எழுதிவைப்பது பயன் தரும். எப்போதும் டேங்கைக் காலியாக வைத்து ஓட்டும் பழக்கம் இவ்வகை வண்டிகளுக்கு ஆகாது. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதே அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் வைத்தால் வருகிறதா என்று பார்த்தபின், கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திப் பார்க்கலாம். பெட்ரோல் ஓடிவந்தால் அதுவரை பாதை சரி. சொட்டுச் சொட்டாக வந்து நின்றால் டேப்பின் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு. பல வாரங்கள் நின்ற வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டு, மிஞ்சியது பிசினாக மாறி, பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்திருக்கும். பழையதை வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோலை வரவிட்டாலே சில நேரம் வண்டி கிளம்பிவிடும், இல்லையென்றால் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களின் காலைக் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. முழுதாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும் என்றாலும், குளிர்ந்த எஞ்சினுக்கு அதைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் கலந்த கலவை தேவைப்படுகிறது. சோக் செய்யும் வேலை அதுதான். எஞ்சின் சூடான பிறகும் சோக்கை இழுத்தே வைத்திருந்தால், அடுத்து சொல்லப்போகும் கோளாறை நாமே வரவழைத்துக்கொள்வோம்.

மெக்கானிக்குகள் ஓவர்ஃப்ளோ என்று சொல்லும் நிலை அது. பலமுறை முயன்று, பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போய், ஸ்பார்க் பிளக்கின் முனை நனைந்துவிட்டால் பொறி விழாது. சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை கடுமையாக வீசுவது இதன் அடையாளம். அப்போது சோக்கை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி சில முறை கிக்கரையோ செல்ஃபையோ இயக்கினால், நிறையக் காற்று உள்ளே புகுந்து மிகுதியை வெளியேற்றும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் இப்படித் திருகிப் பிடித்துச் சுழற்றும்போது இ.சி.யு. பெட்ரோலையே நிறுத்திவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பற்றியவுடன் ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் தொடர்பாக இரண்டு சிறு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. டேங்க் மூடியில் காற்று புகுவதற்கான ஒரு துளை இருக்கிறது. தூசியாலோ குளவி கட்டிய மண்ணாலோ அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, கார்புரேட்டர் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று இழுக்கப்பட்டு, உடனே வண்டி கிளம்பினால் காரணம் அதுதான். மற்றொன்று தண்ணீர். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பெட்ரோலை உறிஞ்சும் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். கனமழைக்குப் பிறகோ, பெட்ரோல் நிரப்பிய சிறிது நேரத்திலோ வண்டி இருமி நின்றால், சிறிதளவு பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வைக்கலாம். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்ரோல் வருகிறது என்று உறுதியானபின் தீப்பொறிக்கு வரலாம். எஞ்சின் ஆறியபிறகு பிளக் ஸ்பேனரால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், அதன் முனையே நிறையச் சொல்லும். இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக எரிந்திருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. பலமுறை முயன்றபின் கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி விழவில்லை என்று கொள்ளலாம். முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை, முந்தைய பகுதிக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு பார்வைக்காகவே, விலை மலிவான பிளக் ஸ்பேனரை வண்டியிலேயே வைத்திருப்பது தகும் என்பேன்.

பொறியை நேரில் பார்க்கும் சோதனைக்குச் சற்றுக் கவனம் வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் அழுந்தியிருக்கும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும் என்பதால் பிளக்கை அத்துளையைவிட்டுத் தள்ளியே வைக்க வேண்டும். பல்லாயிரம் வோல்ட் பாயும் தொப்பியை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பிளக்கை மாட்டாமல் தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுழற்றுவது பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலுக்கும், பொறி விழும் நேரத்தை ஆளும் சி.டி.ஐ. பெட்டிக்கும் கேடு. நீலம் கலந்த வெண்மையான பொறி, படபடவென்ற ஓசையோடு தெறித்தால் போதுமானது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து தெரிந்தால், வெளியே தெறிக்கும் அப்பொறி நெருக்கப்பட்ட கலவைக்குள் தெறிக்காமல் போகலாம். பொறியே இல்லை என்றால், புதுப் பிளக் ஒன்றைக் கொண்டு மறுபடியும் பார்த்துவிட்டு, பிறகு தொப்பி, காயில், அதன் கம்பி, கில் ஸ்விட்சு என்று பின்னோக்கிப் போக வேண்டும். மழையில் நனைந்த வண்டியில் தொப்பிக்குள் ஈரம் புகுந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும்; உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்துவிடும். பிளக் முனைகளுக்கு இடையேயான இடைவெளி 100 முதல் 150 சி.சி. வரையுள்ள பல வண்டிகளுக்கு 0.7 அல்லது 0.8 மி.மீ. அளவில் இருக்கும், சரியான அளவை வண்டியோடு தந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகி, இறுதியில் மட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டும், ஏனெனில் அலுமினியத்தில் வெட்டிய மரை சிதைந்தால் செலவு பிளக்கின் விலையோடு நிற்காது.

பெட்ரோலும் பொறியும் இருந்தும் பற்றவில்லை என்றால், பார்க்க மிஞ்சியிருப்பது அழுத்தம் மட்டுமே. கிக்கர் உள்ள வண்டியில் அதைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தால், ஓரிடத்தில் எஞ்சின் எதிர்த்து நிற்பதை உணரலாம். எதிர்ப்பே இல்லாமல் கிக்கர் வழுக்கிக்கொண்டு இறங்கினால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ரிங்குகள் தேய்ந்துவிட்டன. இது நடுவழியில் சரிசெய்யக் கூடியதன்று. ஆனால் வால்வு இடைவெளி மிகக் குறுகிப்போனதால் அழுத்தம் குறைந்திருந்தால், டேப்பெட்டை (அந்த இடைவெளியை அமைக்கும் பாகம்) சரிசெய்வதோடு முடிந்துவிடலாம் என்பதால், எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளும் முன் அதைப் பார்க்கச் சொல்வது நல்லது.

காலையில் நன்றாகக் கிளம்பி, வெயிலில் நீண்ட தூரம் ஓடிய பிறகு நின்றுபோய், அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும் வண்டி ஒரு தனி வகை. பல்சர் காயில் எனப்படும் சுழற்சி சென்சாரோ, இக்னிஷன் காயிலோ சூட்டில் உட்பக்கம் துண்டிக்கப்பட்டு, ஆறியதும் சேர்ந்துகொள்ளும்போது இப்படி நடக்கும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது வண்டி ஆறியிருக்கும், எல்லாம் சரியாக இருக்கும், மெக்கானிக் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார். எஞ்சின் நின்ற அந்த இடத்திலேயே பொறி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே இதை உறுதிப்படுத்தும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற இருசக்கர வண்டிகள் தண்ணீரில் நின்றன. வடிந்ததும் செய்யக் கூடாத முதல் காரியம் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. காற்றை நெருக்கலாம், தண்ணீரை நெருக்க முடியாது; சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் பிஸ்டன் மேலேறினால் அதை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியின் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் இந்த ஆபத்து உறுதியாகக் கருதத்தக்கது. பேட்டரியின் கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டரைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபின் கிக்கரைக் கையால் மெதுவாக இயக்கினால் உள்ளிருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியே பீச்சியடிக்கும். கிக்கர் இல்லாத கியர் வண்டியில் உயர்ந்த கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றலாம். கிக்கரும் இல்லாத ஸ்கூட்டர் என்றால் மேற்கொண்டு எதையும் முயலாமல் பட்டறைக்கு ஏற்றிவிடுவதே சரி. எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது; ஆயிலை மாற்றிச் சிறிது நேரம் ஓட்டி, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்கூட்டரில் பெல்ட் இருக்கும் பெட்டியையும் திறந்து உலர்த்த வேண்டும், ஈரமான பெல்ட் வழுக்கும். வழக்கமான காப்பீட்டுத் திட்டங்கள் வெள்ளத்தால் நேர்ந்த சேதத்தை ஏற்றாலும், மூழ்கிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முயன்றதால் நேர்ந்த சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதால், கைவைக்கும் முன் தண்ணீர் எட்டிய கோடு தெரியும்படி படம் எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

எந்தக் காரணத்தால் பட்டறைக்குப் போனாலும், "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், சோதனை முழுவதும் முதலிலிருந்து தொடங்கும், கூலியும் அதற்கேற்ப ஏறும். எஞ்சின் சுழல்கிறதா, என்ன ஓசை வந்தது, ஆறிய நிலையில் நடந்ததா சூட்டில் நடந்ததா, பம்பின் ரீங்காரம் கேட்டதா, எஞ்சின் விளக்கு எத்தனை முறை சிமிட்டியது, பிளக் நனைந்திருந்ததா உலர்ந்திருந்ததா, கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டது, எந்த உதிரியை எப்போது மாற்றியது என்பனவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சாவியோடு கொடுத்துவிடலாம்; மாற்றிய பழைய உதிரிகளைத் திருப்பித் தரும்படியும் அதிலேயே குறித்துவிடலாம்.